உள்ளே வரலாமா? லாகின் பெட்டியின் கதை, கல்வராயன் மலை வழியாக

கொஞ்ச நாளா நிறைய பேர் கேட்டுக்கிட்டே இருக்கிற தலைப்பு இது. ஒரே ஒரு லாகின் காம்பொனென்ட் எழுதி, அதை எந்த வெப் அப்ளிகேஷனிலும் பொருத்திக்கிற மாதிரி எப்படிச் செய்வது? நிறம் மாத்தணும், லோகோ மாத்தணும், பாஸ்வேர்டு வேணும்னா பாஸ்வேர்டு, ஓடிபி வேணும்னா ஓடிபி. கோடு எழுதுவதை அடுத்த வாரம் பார்ப்போம். இன்னைக்கு அதோட வரலாறு. அந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது, அதில் எதையெல்லாம் மாத்திக்கலாம்னு யார் முடிவு பண்ணாங்க, எதை மாத்த முடியாம வெச்சுட்டாங்க. இந்தக் கடைசிக் கேள்விக்காக என் மாவட்டத்துக்கும் போவோம். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கச்சிராயபாளையம் தாண்டி ஏறினால் வருகிற கல்வராயன் மலைக்கு.

முதலில் அமெரிக்கா, எம்ஐடி, 1961. அப்போ ஒரு கம்ப்யூட்டர்னா ஒரு பெரிய அறை. ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ தலைமையிலான குழு சிடிஎஸ்எஸ் என்ற சிஸ்டத்தைச் செய்தது. ஒரே இயந்திரத்தைப் பல பேர் ஒரே நேரத்தில், தனித்தனி டெர்மினலில் இருந்து பயன்படுத்தலாம். பல பேர் வந்துட்டா எது யாருடைய ஃபைல் என்று பிரிக்கணும். ஒவ்வொருத்தருக்கும் வாரத்துக்கு இவ்வளவு நேரம் என்று கணக்கு வைக்கணும். அதுக்காக வந்ததுதான் பாஸ்வேர்டு. வெளியில் இருந்து வர்ற திருடனை நினைத்துச் செய்தது இல்லை. ஒரே வீட்டுப் பங்காளிகளுக்கு நடுவில் போட்ட தடுப்பு மாதிரி.

அதை முதலில் உடைத்ததும் ஒரு பங்காளிதான். ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம்தான் ஒதுக்கியிருந்தாங்க. போதலை. 1962-ல், பாஸ்வேர்டு ஃபைலையே பிரின்ட் எடுக்கச் சொல்லி ஒரு பஞ்ச் கார்டைக் கொடுத்தார். பிரின்ட்டும் சமர்த்தாக வந்தது. அப்புறம் மத்தவங்க கணக்கில் வேலையைத் தொடர்ந்தார். 1960-களின் நடுவில் இன்னொரு கூத்து. ஒருநாள் லாகின் செய்த எல்லாருக்கும் அன்றைய அறிவிப்பு வரவேண்டிய இடத்தில் எல்லாருடைய பாஸ்வேர்டும் திரையில் வந்தது. எடிட்டர் உருவாக்கும் தற்காலிக ஃபைலுக்கு எப்பவும் ஒரே பெயர். இரண்டு நிர்வாகிகள் ஒரே நேரத்தில் எடிட் பண்ண, ஃபைல்கள் இடம் மாறிப் போச்சு. பாஸ்வேர்டுகளை அப்படியே, படிக்கிற மாதிரி எழுதி வைத்திருந்த காலம் அது.

யுனிக்ஸ்தான் இதைச் சரிசெய்தது. ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979-ல் ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. பாஸ்வேர்டை நேரடியாகச் சேமிக்காமல், திருப்பி எடுக்க முடியாதபடி மாற்றிச் சேமிப்பது, ஒவ்வொண்ணோடும் ஒரு சிட்டிகை ‘உப்பு’ சேர்ப்பது எல்லாம் அதில் இருக்கு. இன்னைக்கும் நாம சால்ட் என்றுதான் சொல்றோம். பயனர்கள் தேர்ந்தெடுத்த 3,289 பாஸ்வேர்டுகளைச் சேகரித்துப் பார்த்ததில் 86 சதவீதம் எளிதில் கண்டுபிடிக்கக் கூடியவையாக இருந்தன. மனுஷங்க இன்னும் மாறலை, அதை விடுங்க.

நம்ம தலைப்பான மாத்திக்கக்கூடிய லாகின் 1995-ல்தான் ஒரு ஒழுங்கான வடிவத்துக்கு வருகிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் விபின் சமரும் சார்லி லாயும் முன்வைத்த பாம். விரிவாகச் சொன்னா, சொருகிக் கழற்றக்கூடிய அடையாளச் சரிபார்ப்பு மாட்யூல்கள்.

பிரச்சினை என்னன்னா, யுனிக்ஸில் உள்ளே நுழைய ஒரு வழி மட்டும் இல்லை. நேரடி லாகின், டெல்நெட், எஃப்டிபி என்று பல வாசல். ஒவ்வொரு புரோகிராமும் பாஸ்வேர்டு கேட்கிற கோடைத் தனக்குள்ளேயே வைத்திருந்தது. நாளைக்கு ஸ்மார்ட் கார்டு வந்தாலோ, கெர்பராஸ் வந்தாலோ எல்லாத்தையும் திறந்து திரும்ப எழுதணும். பாம் செய்தது ஒரே விஷயம்தான். ‘நீ யார்’ என்று கேட்கிற புரோகிராமையும், அதுக்குப் பதில் சரியா என்று பார்க்கிற கோடையும் பிரித்தது. நடுவில் ஒரு கன்ஃபிக் ஃபைல். அதில் நாலு வரி மாத்தினா போதும்.

அந்தக் கன்ஃபிக்கைப் பார்க்காதவங்க ஒருதடவை பாருங்க. ஒவ்வொரு வழிக்கும் ஒரு குறிப்பு எழுதலாம். ரெக்வயர்டு என்றால் இது கட்டாயம் தேறணும். சஃபிஷியன்ட் என்றால், முன்னாடி இருக்கிற கட்டாயம் எதுவும் தவறாத வரை, இது ஒண்ணு தேறினாலே போதும். அதாவது ஒரு வழி தோத்தா அடுத்து என்ன என்ற கேள்விக்கு டிசைனிலேயே இடம் இருந்தது. இன்னொரு அழகு, அவங்க கேள்விகளையே நாலாகப் பிரிச்சாங்க. நீ யார் என்பது ஒன்று. நீதான் என்றாலும் இப்போ உனக்கு இங்கே அனுமதி இருக்கா என்பது வேறு. உள்ளே இருக்கும்போது நடக்கும் செஷன் வேறு. பாஸ்வேர்டு மாத்துவது வேறு. இன்னைக்கும் பல டீமில் இந்த நாலையும் ஒரே ஃபங்ஷனில் கலந்து எழுதறதைப் பார்க்கிறேன்.

வெப் வந்தப்போ இந்த அறிவெல்லாம் கொஞ்ச காலம் மறந்து போச்சு. பிரவுசரில் முதலில் இருந்தது ஒரு பாப்-அப் பெட்டி. சாம்பல் நிறம், ரெண்டு கட்டம். அதை அழகுபடுத்தவும் முடியாது, லாக் அவுட் பண்ணவும் சரியான வழி இல்லை. 1994-ல் நெட்ஸ்கேப்பில் லூ மொன்டுல்லி குக்கியைக் கொண்டுவந்த பிறகு, ஒவ்வொரு தளமும் தன் பக்கத்திலேயே சொந்த ஃபார்ம் வைத்துக்கொள்ள முடிந்தது. வந்தவர் யார் என்பதைக் குக்கி நினைவில் வெச்சுக்கும். அதோட விளைவு, உலகத்தில் இருக்கிற ஒவ்வொரு டெவலப்பரும் தன் லாகினைத் தானே எழுத ஆரம்பிச்சாங்க. பெரும்பாலும் மோசமாக.

அதுக்கு மருந்தாகத்தான் ஃபிரேம்வொர்க்குகள். 2005-ல் வெளியான ஜாங்கோவில் லாகின் கூடவே வந்தது. ரெயில்ஸ் உலகத்தில் 2009-ல் டிவைஸ். பிரேசிலின் பிளாட்டஃபார்மாடெக் நிறுவனத்தில் இருந்து, ஜோசே வலீம் முன்னின்று செய்தது. பாஸ்வேர்டு மறந்தா ஒரு மாட்யூல், மெயிலை உறுதிசெய்ய ஒரு மாட்யூல், பல தடவை தப்பாப் போட்டா பூட்ட ஒரு மாட்யூல். வேணுங்கிறதை மட்டும் சேர்த்துக்கலாம். ஹோட்டல்ல தோசைக்கு எந்தச் சட்னின்னு கேட்கிற மாதிரி. இதில் எனக்குப் பிடிச்ச திருப்பம் ஒண்ணு இருக்கு. அதே வலீம் பிற்பாடு எலிக்சர் மொழியை உருவாக்கினார். அதன் ஃபீனிக்ஸ் ஃபிரேம்வொர்க்குக்கு லாகின் எப்படி வேணும் என்று 2020-ல் அவர் வகுத்தப்போ, லைப்ரரியாகக் கொடுக்கலை. கோடையே உங்க புராஜெக்ட்டுக்குள் எழுதிக் கொடுத்துடும் ஜெனரேட்டர். இனி அது உங்க கோடு, உங்க இஷ்டம், உங்க பொறுப்பு. என் கருத்து, வெளியே ஆப்ஷன்களை அடுக்கிக்கிட்டே போவதை விட இது நேர்மையான வழி. 150 ஆப்ஷன் இருக்கிற காம்பொனென்டில் உங்களுக்குத் தேவையானது 151-ஆவதாகத்தான் இருக்கும்.

ஜாங்கோவுக்கு வர்றேன், ஏன்னா நம்ம கதை திரும்பும் இடம் அங்கேதான். அதன் யூசர் டேபிளில் யூசர்நேம், முதல் பெயர், கடைசிப் பெயர், மெயில் எல்லாம் முன்னாடியே முடிவு செய்யப்பட்டவை. லாகின் பக்கத்தின் தோற்றத்தை எப்படி வேணும்னாலும் மாத்தலாம். பாம் மாதிரி, சரிபார்க்கிற வழியைக்கூட மாத்தலாம். ஆனா ‘பயனர் என்றால் யார்’ என்பதை முழுசாக மாத்திக்க, 2013 பிப்ரவரியில் வந்த 1.5 வெர்ஷன் வரை காத்திருக்கணும்.

தமிழ்நாட்டுக்காரங்களுக்கு இது நல்லாவே புரியும். நமக்கு முதல் பெயர் இருக்கு, கடைசிப் பெயர் எங்கே? அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியல், அவ்வளவுதான். கடைசிப் பெயர் கட்டாயம்னு ஃபார்ம் சொன்னா, அப்பா பெயரை அங்கே தள்ளிட்டு, விமான டிக்கெட்டில் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பார்க்கப் பழகிக்கிறோம். இங்கே ஆதாருக்கு ஒரு சபாஷ் சொல்லணும். அதில் பெயருக்கு ஒரே கட்டம். நம்ம ஊர்ப் பெயர்களைத் தெரிஞ்சவங்க உட்கார்ந்து செய்தது என்று தெரியுது.

பெயருக்கு இது சின்னத் தொந்தரவு. ‘இவர் யார்’ என்ற டேபிளின் அமைப்பே ஒரு ஊரைப் பாதிச்சா? இப்போ மலை ஏறலாம்.

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. கள்ளக்குறிச்சி, சேலம், தர்மபுரி, திருவண்ணாமலை என்று பல மாவட்டங்களைத் தொடுது. கள்ளக்குறிச்சிப் பக்கம் தாலுகா தலைமையிடம் வெள்ளிமலை. மரவள்ளி, கடுக்காய், மழை நம்பிய விவசாயம், மிச்ச நேரத்துக்கு வெளியூர் வேலை. பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். கேரளாவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைங்க. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர். தங்கள் முன்னோர் காஞ்சிபுரம் பக்கத்தில் இருந்து வந்தவங்க என்பது அவங்க வாய்மொழி மரபு.

இந்த மலை ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. 1947-ல் நாடு விடுதலை அடைந்த பிறகும், ஜமீன்கள் ஒழிக்கப்பட்ட பிறகும் அது தொடர்ந்தது. 1976-ல்தான் அரசு நேரடியாக எடுத்துக்கொண்டது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தது ஞாபகம் இருக்கும். அதுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றித் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. ஓட்டுரிமைகூட 1976-க்கும் பல ஆண்டுகள் கழித்துத்தான் கிடைத்தது என்பது அந்த வழக்கில் பேசப்பட்டது. சாலை, மருத்துவமனை, பள்ளி எல்லாமே பேசப்பட்டது.

நம்ம மொழியில் சொன்னா, அதுவரை இந்த மலையில் நீங்க யார் என்பதுக்குச் சாட்சி ஊர்தான். அட்டை இல்லை, ஐடி இல்லை. அரசு வந்த பிறகு அரசின் டேபிளில் உங்களுக்கு ஒரு வரி வேணும்.

அந்த வரி எப்படி இருக்குன்னு பாருங்க. 1976-ல் திருத்தப்பட்ட பழங்குடியினர் பட்டியலில் ‘மலையாளி’ என்று மட்டும் எழுதலை. தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் இருக்கிற மலையாளி என்று இருக்கு. மாவட்டப் பெயர் அடையாளத்தின் ஒரு பகுதி. கோடில் ஹார்டு-கோடு பண்ணிட்டாங்க என்று சொல்வோமே, அதேதான். தென் ஆற்காடு 1993-ல் விழுப்புரம், கடலூர் என்று பிரிந்து அந்தப் பெயரே போச்சு. விழுப்புரத்தில் இருந்து 2019 நவம்பர் 26-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆச்சு. டேபிளின் கீ மட்டும் இன்னும் பழைய பெயரைச் சுட்டுது. கல்வராயன் மக்கள் பழைய எல்லைக்குள் இருப்பதால் பட்டியலில் இருக்காங்க. ஆனா ஈரோடு மாவட்டத்தின் பர்கூர், கடம்பூர் மலைகளில் இருக்கிற மலையாளிகள்? அந்தப் பகுதி அன்னைக்குக் கோவை மாவட்டம். கோவை பட்டியலில் இல்லை. அதே சமூகம், வேற மலை, பழங்குடியினர் சான்றிதழ் கிடையாது. பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கிட்டிருக்காங்க. இதை மாத்த ஒரு கன்ஃபிக் வரி போதாது, நாடாளுமன்றம் சட்டம் போடணும்.

பட்டியலில் இருந்தாலும் அந்தச் சான்றிதழை வாங்கணுமே. மற்றவங்களுக்கு தாசில்தார் அளவில் முடியும். பழங்குடியினருக்கு வருவாய்க் கோட்டாட்சியர் தரணும். இப்போ விண்ணப்பம் இ-சேவை வழியாக. அதுக்கு கேன் எண் என்று ஒரு பதிவு எண் எடுக்கணும், எடுக்க மொபைலுக்கு ஓடிபி வரும். சென்னையில் உட்கார்ந்து டிசைன் பண்ணும்போது ஓடிபியை விட எளிமையான வழி தோணாது. ஆனா ஓடிபிக்குள் மூணு அனுமானம் ஒளிஞ்சிருக்கு. ஆளுக்கு ஒரு போன் இருக்கு, அந்த எண் மாறலை, இந்த நிமிஷம் சிக்னல் இருக்கு. சிக்னலுக்காக மேட்டைத் தேடி நடக்கிற ஊரில் மூணும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கணும்.

இப்போ ரேஷன் கடை. தமிழ்நாட்டில் நாம தினமும் பார்க்கிற பெரிய லாகின் காம்பொனென்ட் அதுதான். சேலத்துக்கும் சென்னைக்கும் வெள்ளிமலைக்கும் ஒரே மெஷின். 2017 ஏப்ரலில் ஸ்மார்ட் கார்டு வந்தது. கார்டை ஸ்கேன் பண்ணினா போதும். அதாவது கார்டு யார் கையில் இருக்கோ அவர் உள்ளே வரலாம். பாட்டி பேரனை அனுப்பலாம். 2020 அக்டோபரில், ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தோடு கைரேகை வந்தது. இப்போ கார்டில் பெயர் இருக்கிற ஒருத்தர் நேரில் வந்து விரல் வைக்கணும்.

கைரேகையின் கதையும் நம்ம நாட்டில் தொடங்கினதுதான். 1858-ல் வங்காளத்தின் ஜங்கிபூரில், சாலைக்குச் சரளை தர ஒப்பந்தம் போட்ட ராஜ்யதர் கோனாயின் உள்ளங்கையை ஆங்கிலேய அதிகாரி வில்லியம் ஹெர்ஷல் மை தடவிப் பதிய வைத்தார், நாளைக்கு ‘இது என் கையெழுத்து இல்லை’ன்னு சொல்லிடக் கூடாதுன்னு. 1897-ல் கல்கத்தாவில் கைரேகை அலுவலகமே வந்தது. ‘அவன் கைநாட்டுப்பா’ என்று கேலி பண்ணின ஊரில், இன்னைக்கு ஐடி பார்க்கில் நுழைகிற எல்லாருமே கைநாட்டுதான்.

ஆனா விரல் தேயும். மண்வெட்டி பிடிக்கிற விரல், கடுக்காய் உடைக்கிற விரல், வயசான விரல். இது ஆதாரைச் செய்தவங்களுக்குத் தெரியாதது இல்லை. உங்களோட எந்த விரல் நல்லா விழுது என்று கண்டுபிடிக்கத் தனியாக ஒரு ஏபிஐயே வெச்சிருந்தாங்க. ஆனாலும் 2018-ல் உச்ச நீதிமன்றத்தில் ஆதார் ஆணையத்தின் தலைமைச் செயல் அதிகாரி கொடுத்த விளக்கத்தில், அரசு சேவைகளில் சரிபார்ப்பு தேறுவது 88 சதவீதம் என்று இருந்தது. பேமென்ட் பக்கத்தில் 12 சதவீதம் தோத்தா உங்க மேனேஜர் தூங்க விடமாட்டார். இங்கே தோக்கிறது அந்த மாச அரிசி.

2017-ல் ஜார்கண்டில் ரேஷன் மறுக்கப்பட்டதாகப் பெரிய சர்ச்சை எழுந்த பிறகு, அந்த அக்டோபரில் மத்திய உணவுத்துறை மாநிலங்களுக்கு எழுதியது. ஆதார் இல்லை, சரிபார்ப்பு தேறலை என்பதுக்காக மட்டும் யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. பொருளைக் கொடுத்துட்டு விவரத்தைத் தனிப் பதிவேட்டில் எழுதுங்க. 2020-ல் தமிழ்நாட்டிலும் இதேதான் நடந்தது. கைரேகை விழாமல் கடை வாசலில் கூட்டம் நின்ற பிறகு, ஓடிபி அல்லது பழையபடி கார்டு ஸ்கேன் வழியாகவும் பொருள் கொடுக்கச் சொல்லி அரசு அறிவுறுத்தியது. பாமில் 1995-லேயே இருந்த அந்த ‘ஒண்ணு தேறினாலே போதும்’, மக்கள் நின்ன பிறகு சுற்றறிக்கையாக வந்து சேர்ந்தது.

வரிசையில் கவனிங்க. முதல் வழி விரல், தோத்தா ஓடிபி. ஓடிபிக்கு சிக்னல் வேணும். ஆனா விரலைச் சரிபார்க்கவும் மெஷினுக்கு நெட்வொர்க் வேணும். முதல் வழி எதனால தோத்ததோ அதே காரணத்தால் இரண்டாவதும் தோக்கும்னா அது மாற்று வழியே இல்லை. கார்டு ஸ்கேனும் பதிவேடும் மட்டும்தான் உண்மையிலேயே வேற வழி. அந்த ரெண்டையும் ‘பழைய முறை’ என்று முதலில் தூக்கப் பார்ப்பதும் நம்ம ஆளுங்கதான்.

இப்போ புதுசாக பாஸ்கீ வந்திருக்கு. நல்ல விஷயம். விரல் உங்க போனை விட்டு வெளியே போகாது, பாஸ்வேர்டு திருட்டுக்கு இடமே இல்லை. இதுக்கு அடிப்படையான வெப்ஆத்தன் 2019-ல் வெப் தரமாக ஏற்கப்பட்டது. ஆனா அதுக்குள்ளும் ‘ஒரு ஆள், ஒரு போன்’ உட்கார்ந்திருக்கு. வீட்டுக்கு ஒரு போன், அதுவும் வேலைக்குப் போனவர் கையில் இருந்தா?

அதனால காம்பொனென்ட் எழுதப் போறவங்க கிட்ட நான் கேட்கிறது நிறம், லோகோ பற்றி இல்லை. அதெல்லாம் சிஎஸ்எஸ் பார்த்துக்கும். ஒருத்தருக்காக இன்னொருத்தர் வரலாமா என்பதுக்கு உங்க ஸ்கீமாவில் இடம் இருக்கா? தமிழ்நாட்டு ரேஷனில் வயசானவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அந்த வசதி இருக்கு, ஒரு படிவம் கொடுத்துத் தன் சார்பில் ஒருத்தரை நியமிக்கலாம். ஆனா பெரும்பாலான ஓப்பன் சோர்ஸ் லாகினில் அப்படி ஒரு டேபிளே இல்லை. அதனால மக்கள் பாஸ்வேர்டையே கொடுத்துடறாங்க, இ-சேவை மையத்துக்காரர் நோட்டில் எழுதி வெச்சுக்கிறார். எல்லா வழியும் தோத்த பிறகு திரையில் என்ன வருது? ‘மீண்டும் முயற்சிக்கவும்’ என்றா, இல்ல ஒரு மனுஷரிடம் கொண்டுபோய் விடுதா? அந்த மனுஷர் எடுத்த முடிவு, யார், எப்போ, ஏன் என்று பதிவாகுதா?

நான் இப்போ எழுதிக்கிட்டிருக்கிற காம்பொனென்டில் பாம் மாதிரியே வழிகளின் வரிசை கன்ஃபிக்கில் இருக்கு. ஒவ்வொரு வழிக்கும் அது எதை நம்பி இருக்கு, நெட்வொர்க்கா, போனா, விரலா என்று ஒரு லேபிள் கட்டாயம். ஒரே லேபிள் இருக்கிற ரெண்டு வழியை அடுத்தடுத்து போட்டா பில்டு ஃபெயில் ஆகும். கடைசியில் பதிவேடு என்று ஒரு மாட்யூல். ஆஃப்லைனில் ஓடும், கொடுத்தவர் பெயரோடு எழுதிக்கும், சிக்னல் வந்ததும் மேலே அனுப்பும். அடுத்த வாரம் அந்தப் பதிவேடு மாட்யூலில் இருந்தே கோடு எழுத ஆரம்பிப்போம். லேப்டாப்பில் வைஃபையை ஆஃப் பண்ணிட்டு உட்காருங்க.